தைலம் கொடுத்து அனுப்பினார்கள்

என் தங்கை மகள் ராணுவத்தில் இருக்கிறாள். போன மழைக்காலத்தில் முகாமிலிருந்து போன் செய்தாள்.

"பெரியம்மா, வயர்லெஸ் செட்டு தூக்குறேன்ல, அந்த வார் படுற எடத்துல, மார்ல ஒரு கட்டி. கிளினிக்ல காட்டிட்டேன். தைலம் குடுத்தாங்க. சரியாயிடும்லா."

கையிலிருந்த கோப்பையைச் சுவரில் வீசலாம்போல் இருந்தது எனக்கு.

அதே வார், அதே தைலம். நானும் அந்தப் படையில் செட்டு தூக்கி ஓய்வு பெற்றவள்தான். ஆம்பளைத் தோளுக்கென்று தைத்த வார், காடு மேடெல்லாம் என் இடது மார்பை அறுத்துக்கொண்டே வரும். அங்கே ஒரு கட்டி தட்டுப்பட்டபோது, சட்டைப் பொத்தானைக்கூடக் கழற்றச் சொல்லாமல், வார் அழுத்திய வீக்கம் என்று தைலம் கொடுத்து அனுப்பினார்கள். விடுப்பில் எங்கள் தேயிலை எஸ்டேட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். கொழுந்துக் கூடை சுமந்தே காலம் தள்ளியவள் சிரித்தாள்.

"கூடை வாரு இழுத்தா அப்படித்தான். எனக்குந்தான் இருக்கு, தொட்டுப் பாரு."

அடுத்த வருஷம் அம்மா முதுகுவலி என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. அது வெறும் முதுகுவலி இல்லை என்று இப்போது எனக்குத் தெரிகிறது. வாரின் மேல் பழியைப் போட்டுவிட்டு எல்லாரும் நிம்மதியாக இருந்துவிட்டோம்.

ஓய்வுக்குப் பிறகு மலையில் ரிங்லெட் ஊருக்கு மேலே, எஸ்டேட்டில் எங்கள் லைன் வீட்டுக்கே திரும்பினேன். முன்னாள் வீரர்களுக்கு இலவசப் பரிசோதனை என்று டவுன் மண்டபத்தில் ஒருநாள் கூப்பிட்டார்கள். என் அட்டையை நீட்டினேன். மேசையில் இருந்தவர் அதைப் பார்க்காமலே, "வீட்டுக்காரர் வரலியா? மனைவிங்க அந்தப் பக்கம் ஒக்காருங்க" என்றார். சிப்பாய் நான்தான் என்று விளங்கவைப்பதற்குள் வரிசையே திரும்பி வேடிக்கை பார்த்தது. உள்ளே இருதயத்துக்குச் சோதனை, சர்க்கரைக்குச் சோதனை, ஆண்களின் புரோஸ்டேட்டுக்கும் சோதனை. மார்புக்கு மட்டும் ஒன்றுமில்லை. கேட்டால், "பொம்பளைங்க யாரும் வர்றதில்லையே" என்கிறார்கள். அப்படியானால் எதிரே நின்றுகொண்டிருந்த நான் யார், பேயா பிசாசா?

ஈப்போ ஆஸ்பத்திரியில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தபோது முற்றிப்போயிருந்தது. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். இடது மார்பை எடுத்துவிட்டார்கள். படையில் இருந்த பெண்களுக்கு இது எவ்வளவு வருகிறது, ஏன் பிந்தித் தெரிகிறது என்று யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா என்று அந்த டாக்டரம்மாவைக் கேட்டேன். தனக்குத் தெரிந்து இல்லை என்றார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டோமா என்று வாரந்தோறும் பார்த்தவர்கள், எங்கள் உடம்பை ஒருநாளும் பார்க்கவில்லை.

அதனால்தான் போன் வந்த மறுநாளே, என் மெடல்களைச் சட்டையின் வலப்பக்கம் குத்திக்கொண்டு, பஸ் பிடித்து மலையிறங்கினேன். தங்கை மகளை இழுத்துக்கொண்டு முகாம் கிளினிக்குக்குள் போய் உட்கார்ந்தேன். டாக்டர் நம்ம தமிழர்தான், இளம் பிள்ளை.

"சின்ன வயசு ஆன்ட்டி, பயப்பட ஒண்ணுமில்ல. வார் பட்ட வீக்கந்தான். ஸ்கேன் எல்லாம் எதுக்கு?"

பிறகு என் மெடல்களைப் பார்த்தார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"அங்கிளோட மெடலா? செத்துப்போனவங்க மெடலத்தான் வீட்ல உள்ளவங்க வலப்பக்கம் குத்துவாங்க. சொந்த மெடல்னா இடப்பக்கம்."

"என்னோடதுதான் டாக்டர். எனக்கும் இப்படி ஒரு கிளினிக்லதான் தைலம் குடுத்தாங்க. இப்ப இடப்பக்கம் குத்துனா நிக்கமாட்டேங்குது."

அவர் என் சட்டையைப் பார்த்தார். உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, ஸ்கேனுக்குச் சீட்டு எழுதினார். நாள் குறித்துக் கொடுக்கும்வரை நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.