மாமா ஏறி வந்த ஷ்லிட்டன்

அக்கா பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியவீட்டுக்கு எங்கள் மாமா வந்து சேர்ந்த விதத்தைச் சொன்னால் ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் பீலெஃபெல்ட் நகரில் இன்றைக்கும் பலர் நம்புவதில்லை. எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. வண்டி என்னுடையது.

அன்று பெரிய பனிப்புயல். லொறிகளை முதல்நாளே ஓடக்கூடாதென்று மறித்துவிட்டார்கள். விடிந்ததும் கார்களுக்கும் தடை வந்தது. நேரத்தோடு வந்து தங்கியிருந்த சொந்தக்காரர்கள் மண்டபத்தில் பட்டுச்சேலைக்கு மேல் குளிர்ச்சட்டை போட்டபடி காத்திருந்தார்கள். தாய்மாமன் தேங்காய் உடைத்து, பாலறுகு வைத்து, தலையில் தண்ணீர் வார்க்காமல் எதுவும் தொடங்காது. லொறி ஓட்டும் எங்கள் மாமாவோ ஊர் எல்லையில், நெடுஞ்சாலையோரத் தரிப்பிடத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். போதாக்குறைக்கு, விழாவுக்கென்று வாங்கிய புதுச் சப்பாத்தோடு லொறியிலிருந்து இறங்கி, வழுக்கி விழுந்து, காலைச் சுளுக்கிக்கொண்டார்.

“நடக்க ஏலாது தங்கச்சி. வேறை ஆரையாவது வைச்சுச் செய்யுங்கோ,” என்றார் தொலைபேசியில்.

அம்மாவுக்கு இருப்பது ஒரே ஓர் அண்ணன். அம்மா அழ, அக்காவும் கண்மை கரைய அழுதாள். பலகாரத்தை எப்போது தருவார்கள் என்பதுதான் என் கவலை.

அப்பா குனிந்து சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

“பிள்ளை, உன்ர ஷ்லிட்டனைத் தா.”

பனியில் இழுத்து விளையாடும் என் சிவப்பு வண்டி அது. கொடுக்க மனமில்லாமல்தான் கொடுத்தேன்.

நல்ல நேரம் முடியப்போகும் தறுவாயில், யன்னலோரம் நின்ற நான்தான் முதலில் கண்டேன். பட்டுவேட்டிக்கு மேல் லொறிக்காரரின் மஞ்சள் சட்டையோடு, அக்காவுக்கு வாங்கிய சேலைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மாமா ராசா மாதிரி அமர்ந்திருந்தார். கயிற்றைத் தோளில் போட்டு அப்பா இழுத்துக்கொண்டு வந்தார். மீசையெல்லாம் பனி. மண்டபமே வாசலுக்கு ஓடிப்போய்க் கைதட்டியது. என் வண்டி, என் வண்டி என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

“பொலிஸ் மறிக்கேல்லையோ?” என்று யாரோ கேட்டார்கள்.

“வாகனந்தானே ஓடக்கூடாது. இதுக்கு எஞ்சினே இல்லையே,” என்றார் அப்பா.

மாமா அவருடைய தோளைப் பிடித்து எழும்பினார். “மச்சான், நீர்தான் எஞ்சின்,” என்றார்.

தேங்காய் ஒரே அடியில் இரண்டாகியது. அம்மா மறுபடியும் அழுதார். எல்லாம் நல்லபடியாக நடக்கும்போது எதற்கு அழுகை என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அதுவரை, மாமா எங்கள் வீட்டுக்கு வரும் நாட்களிலெல்லாம் அப்பாவுக்கு ஏதாவது அவசர வேலை வந்துவிடும். சாப்பிடக்கூட நிற்காமல் போய்விடுவார். அந்த விழாவுக்குப் பிறகு அப்படியொரு வேலை வரவேயில்லை. அப்பாவின் முதலாளி திருந்திவிட்டார் என்றுதான் நான் கனகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.