குதிரைப் படம் போட்ட மாவும் என் கழுத்தும்

கையில் போன் இருந்தால் போதும், என் வீட்டுக்காரர் டாக்டராகிவிடுவார். வேலை என்னவோ தேயிலை பேக்டரியில் கொழுந்து வாட்டுவதுதான். ஆனால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாருக்குப் பல் வலித்தாலும் வீடியோ தேடிக் கொடுப்பார். அப்படித்தான் என் அசதிக்கு மக்கா கிழங்கைக் கண்டுபிடித்தார்.

அசதி இருந்தது உண்மை. தெமோதரைக்கு மேலே எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் எனக்கு வேலை. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை என்னிடம் விட்டுப் போவார்கள். விடியுமுன் மலை ஊற்றுப் பீலியில் தண்ணீர் பிடித்து மேட்டில் தூக்கி வந்து, சமைத்து, பகல் முழுக்க ஊரார் பிள்ளைகளை இடுப்பில் சுமந்து, மாலையில் மறுபடி தண்ணீர். இதில் கழுத்தில் தைரொயிட் வேறு. பதுளை கிளினிக்கில் தந்த குளிசையைக் காலையில் வெறும் வயிற்றில் போட்டு வந்தேன்.

பார்சல் வந்தது. பாக்கெட்டில் பாய்கிற குதிரை. பெரு நாட்டு மலையில் விளைகிற முள்ளங்கி இனத்துக் கிழங்காம், காயவைத்து மாவாக்கியதாம். முள்ளங்கி வெலிமடையிலேயே மூட்டை மூட்டையாக விளைகிறதே என்றேன்.

"அதுவும் மலநாடு, நம்மளும் மலநாடு. நல்லா ஒத்துக்கும் புள்ள."

குதிரையைப் பார்த்த பக்கத்துக் காம்பரா ஆம்பிளைகள், "யாருக்குண்ணே?" என்று பல்லைக் காட்டினார்கள். பெண்சாதிக்கு என்று இவர் சொன்னதை ஒருத்தரும் நம்பவில்லை.

அதற்குப் பிறகுதான் எங்கள் லயத்து மூளை வேலை செய்தது. வேர், கிழங்கு என்றால் எங்களுக்கு நாட்டு மருந்து. நாட்டு மருந்து என்றால் பத்தியம். கருவாடு, கத்தரிக்காய், புளி எல்லாம் நின்றன. இங்கிலீஷ் மருந்தும் நின்றது. இரண்டும் வயிற்றுக்குள் சண்டை போடுமாம். குளிசை சாமி படத்துக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது. பெரு நாட்டுக்காரனுக்கே தெரியாத பத்தியத்தை நான் தெமோதரையில் கடைப்பிடித்தேன்.

முதலில் தெம்பாகத்தான் இருந்தது. புருஷனே காலையில் எழுந்து மாவைக் கலக்கி நீட்டினால் யாருக்குத்தான் தெம்பு வராது? போகப் போக முகம் ஊதியது, குரல் கம்மியது, வெயிலிலும் குளிரெடுத்தது.

"பத்தியம் எங்கயோ முறிஞ்சிருக்கு. கருவாட்ட மோந்து பாத்தியா?" என்று கேட்டார் எங்கள் வீட்டு டாக்டர்.

ஒரு நாள் பிள்ளைக் காம்பராவில் தொட்டிலிலிருந்து குழந்தையைத் தூக்கினேன். பாதியில் கை சோர்ந்துபோனது. நல்ல வேளை, பிள்ளை மறுபடி தொட்டிலிலேயே விழுந்தது. யாரோ பெற்ற பிள்ளை. அன்றைக்கு நான் பயந்த மாதிரி என்றைக்கும் பயந்ததில்லை. மறுநாளே வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு பதுளைக்குப் போனேன்.

"குளிசைய யார் நிப்பாட்டச் சொன்னது?" என்று டாக்டர் அம்மா கேட்டார்.

"பத்தியங்க," என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார். மக்கா விஷமில்லை, அந்த ஊரில் அதை வேகவைத்துச் சாப்பாடாகவே சாப்பிடுகிறார்கள். அசதிக்கும் ஆம்பிளை பலத்துக்கும் உதவலாம் என்கிறார்கள், ஆனால் அடித்துச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை. கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தொடாமல் இருப்பது நல்லது. தைரொயிட் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது, பச்சையாகக் கலக்கிக் குடிப்பது தைரொயிடைத் தொந்தரவு செய்யக்கூடும். எந்தக் கிழங்குக்காகவும் குளிசையை நிறுத்தக் கூடாது.

"இதெல்லாம் உங்க போன் சொல்லலியா?" என்று என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார். அவர் போனை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார்.

குளிசை சாமி படத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தது. மெல்ல மெல்ல என் குரலும் வந்தது. பாக்கெட்டில் பாதி மிச்சம். வீணாக்க மனமில்லாமல், டாக்டர் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, பாலில் காய்ச்சி வீட்டுக்காரரே குடிக்க ஆரம்பித்தார். அவருக்கு மட்டும் பத்தியம் கிடையாது, கருவாடும் உண்டு. கொஞ்ச நாள் கழித்து, "நெசமாவே தெம்பா இருக்கு புள்ள," என்றார்.

தண்ணீர்க் கேனை எடுத்து அவர் காலடியில் வைத்தேன்.

"அப்ப பீலிக்குப் போங்க."

என்னைப் பார்த்தார், கேனைப் பார்த்தார். கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பாக்கெட் காலியாகி வெகுநாளாகிறது, தண்ணீர் இன்றைக்கும் அவர்தான் தூக்கி வருகிறார். மக்கா அசதியைப் போக்குமா என்று லயத்துப் பெண்கள் கேட்டால், போக்கும், ஆனால் புருஷனுக்குக் கொடுங்கள் என்று சொல்லி வைக்கிறேன்.