சித்தியின் பெயருக்கு வந்த இசைத்தட்டுகள்

ஒரு சதத்துக்கு, ஒரேயொரு செப்புக் காசுக்கு, பதினொரு இசைத்தட்டு என்று ஒரு பத்திரிகை விளம்பரத்தில் போட்டிருந்தது. சதக் காசை அட்டையில் ஒட்டி அனுப்பினால் இசைத்தட்டுக் கழகத்தில் சேர்ந்துவிடலாம், தட்டுகள் தபாலில் வரும். எங்கள் வீட்டில் இசைத்தட்டைப் போட்டுக் கேட்கிற பெட்டியே இல்லை என்பது எனக்கு ஒரு தடையாகப் படவில்லை. எனக்கு ஒன்பது வயது. பெரியவர்கள்தான் சேரலாம் என்று இருந்ததால் சித்தியின் பெயரை என் அழகான கையெழுத்தில் எழுதிப் போட்டேன்.

சித்தி அம்மாவின் தங்கை. கனடாவில், ஸ்காபரோவில் பன்னிரண்டாம் மாடியில் எங்களோடு, என் அறையிலேயே இருந்தாள். அந்த எழுபதுகளில் அங்கே தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். லண்டனில் இருந்த ஓர் எஞ்சினியருக்கு அவளுடைய படமும் சாதகக் குறிப்பும் போய் ஏழு மாதமாகியிருந்தது. மறுமொழி இல்லை. எங்கள் ஆட்கள் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள்; பேசாமல் இருந்துவிட்டால் வேண்டாம் என்றுதான் அர்த்தம். அது சித்திக்கும் தெரியும். தெரிந்துகொண்டே தினமும் கீழே போய்த் தபால் பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

ஆகவே, அவள் பெயருக்குப் பார்சல் வந்திருப்பதாகத் துண்டு கிடந்த அன்று, முகம் கழுவிப் புதிதாகப் பொட்டு வைத்துக்கொண்டு தபாற்கந்தோருக்குப் போனாள். திரும்பி வந்து கட்டிலில் வைத்துப் பிரித்தாள். தொப்பி போட்ட ஒரு பாடகன் தட்டின் மட்டையிலிருந்து பல்லைக் காட்டினான். சித்தி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அன்று அவள் சாப்பிடவுமில்லை.

அதன் பிறகு கழகம் மாதா மாதம் ஓர் அட்டை அனுப்பியது. ஒஷாவாவில் வேலை முடித்துக் களைத்து வந்த அப்பாவிடம் அதைக் கொண்டுபோய், என்ன செய்வது என்று கேட்டேன். அவர் அதை வாசிக்கவேயில்லை.

"ஒண்டும் எழுதிப் போடாதை. பேசாமல் விட்டா வேண்டாமெண்டு அவங்களுக்கு விளங்கும்தானே," என்றார்.

அவர்களுக்கு விளங்கவில்லை. பாண்டு வாத்தியம் வந்தது, நத்தாருக்கு யேசு பிறந்த பாட்டு வந்தது, எல்லாம் சித்தியின் பெயருக்கு. ஒவ்வொரு முறையும் அவள் முகம் கழுவிக்கொண்டுதான் போனாள். இதுவும் இசைத்தட்டாகத்தான் இருக்கும் என்று நான் சொன்னால் காதில் வாங்கமாட்டாள். வந்தவை ஒருமுறையும் பாடாமல் கட்டிலுக்குக் கீழே சேர்ந்துகொண்டிருந்தன.

கடைசியில் அட்டையின் பொடி எழுத்தை அகராதி வைத்து வாசித்தேன். மறுமொழி வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம் என்று இருந்தது. வேண்டாம் என்று குறித்துத் தபாலில் போட்டேன், தட்டுகள் நின்றுவிட்டன. அப்பாவுக்கே தெரியாத இந்த நாட்டுச் சட்டம் எனக்குத் தெரிந்துவிட்டதில் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பனிக்காலத்தில் மொன்றியலிலிருந்து ஒருவர் பெண் பார்க்க வந்தார். மனைவியை இழந்தவர், தலை நரைத்தவர். ஹோலில் அப்பாவோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். சித்தியிடம் நேரே கேட்க அப்பாவுக்குக் கூச்சம், அம்மாவுக்குப் பயம். இப்படியான வேலைக்குப் பிள்ளைகளை அனுப்புவதுதானே வழக்கம். அம்மா என்னைக் குசினிக்குள் அடுப்படிக்குக் கூப்பிட்டு, "சித்திக்கு விருப்பமோ எண்டு மெல்லமாக் கேட்டுக்கொண்டு வா," என்றாள்.

சித்தி சன்னலோரம் நின்றாள். கேட்டேன். பேசவில்லை. இன்னொரு தரம் கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

நான் குசினிக்கு ஓடினேன்.

"ஓமாம் அம்மா, சித்திக்கு விருப்பமாம்," என்றேன்.

அம்மா அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். தை மாதம் கலியாணம் நடந்தது. மொன்றியல் வீட்டில் சித்தி சிரித்து நான் பார்த்ததேயில்லை. ஏன் அப்படிச் சொன்னாய் என்று என்னை ஒருநாளும் கேட்டதுமில்லை. அதுதான் என்னை இன்னும் வதைக்கிறது. எங்கள் வீட்டு வழக்கப்படி அவள் அன்று இரண்டு தரம் வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். எனக்கு அது விளங்கவில்லை.