முழங்கால் உயரத்தில் ஒரு தும்மல்

என் அக்கா புருஷனுக்குப் பட்டறையில் 'ரெண்டு கோட்டு' என்று பெயர். கார்களுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கிறவர். எந்தக் கீறலைக் காட்டினாலும், "இதுக்கென்ன, ரெண்டு கோட்டு அடிச்சா சரியாயிடும்" என்பார். பல்வலி, வீட்டு ஓனரோடு தகராறு, என் கோபம், எல்லாவற்றுக்கும் அதே வைத்தியம்தான். அக்காவின் முதல் கர்ப்பம் கலைந்தபோதும் பழக்கதோஷத்தில் அதையே சொல்லித் தொலைத்தார். அக்கா பல நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இரண்டாவது, குறைமாதத்தில் பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே முடிந்துபோனது. உறவுக்கூட்டம் அக்காவைத் துருவியெடுத்தது. மாடிப்படி ஏறினாளா, பாரம் தூக்கினாளா, கண்டதைத் தின்றாளா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கே சிகரெட்டும் கையுமாக நின்ற மனிதரிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டவர் டாக்டரம்மா. அக்காவின் பரிசோதனைகளில் ஒரு குறையும் இல்லை என்றதும் மாமாவின் பக்கம் திரும்பினார்.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னார். சிகரெட்டைப் பற்றி நான் சொன்னேன்.

"பெயிண்ட் அடிக்கும்போது மாஸ்க் போடுவீங்களா?"

பட்டறை ஆணியில் தொங்கும் மாமாவின் மாஸ்க்குக்குள் சிலந்தி கூடு கட்டியிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். அதைப் போட்டால் சிகரெட் பிடிக்க முடியாதே.

"அதனாலதான் போச்சுன்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன்," என்றார் டாக்டரம்மா. "ஆனா விந்து உருவாகவே மூணு மாசம் பக்கம் ஆகும். அந்தச் சமயத்துல உங்க உடம்புக்குள்ள போற புகையும் பெயிண்ட்டும் குழந்தையையும் பாதிக்கலாம். அடுத்த குழந்தைக்கான வேலை உங்களுக்குள்ள இப்பவே நடக்குதுன்னு வச்சுக்கங்க."

அன்று சாயங்காலம் மாமா பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து சிகரெட்டைப் பற்றவைத்தார். சற்று நேரத்தில் வெளிறிப்போய் உள்ளே வந்தார்.

"பின்னாடி யாரோ தும்முனாங்க."

"பூனையா இருக்கும் மாமா."

"பூனை இல்ல. சின்னதா ரெண்டு தும்மல். அப்புறம் 'ம்ம்'னு ஒரு முனகல்." மூக்கைச் சுருக்கி அப்படியே செய்து காட்டினார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

மறுநாள் பட்டறையில் ஒரு கார்க் கதவுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தாராம். கம்ப்ரசர் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலே கேட்காது. முழங்கால் உயரத்தில் அதே இரண்டு தும்மல், அதே முனகல், தெளிவாகக் கேட்டதாம். குனிந்து பார்த்தால் பெயிண்ட் புகைதான் மிதந்துகொண்டிருந்தது. பெயிண்ட் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, போய்ப் புது மாஸ்க் வாங்கிக்கொண்டு வந்தார். படிக்கட்டுப் பக்கம் போவதையே விட்டார். சட்டையைப் பட்டறையிலேயே மாற்றி, குளித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். அடிக்கடி முழங்கால் பக்கம் குனிந்து பார்ப்பார். அங்கே ஒன்றும் இருக்காது. தும்மலும் பிறகு கேட்கவில்லை.

மூன்று மாதம் கழிந்து, அதற்கும் பிறகுதான் அக்கா முழுகாமல் இருந்தாள். பத்து மாதமும் மாமா வீட்டுக்குள் சத்தமில்லாமல் நடந்தார். நல்ல எடையோடு ஒரு பெண் பிறந்தது.

வார்டில் முதலில் நான்தான் வாங்கிக்கொண்டேன். அது மூக்கைச் சுருக்கியது. சின்னதாக இரண்டு தும்மல், அப்புறம் 'ம்ம்'. நான் மாமாவை நிமிர்ந்து பார்த்தேன்.

"பொறந்த குழந்தைங்க எல்லாமே தும்மும்," என்றாள் நர்ஸ்.

அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏங்க, உங்களைப் பயமுறுத்தின பேய் இதுதானா?"

மாமா சிரிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இதுதான மாமா? வந்துருச்சுல்ல, அப்புறம் என்ன?" என்று நான் குனிந்து கேட்டேன்.

"அன்னிக்குக் கேட்டது இதான்மா. இதுக்கு முன்னாடியும் ரெண்டு தடவை கேட்டுச்சு. அந்தப் படிக்கட்டுலதான். ஒவ்வொரு தடவையும் வேற தும்மல். எலின்னு நெனச்சேன். சிகரெட்ட முடிச்சுட்டுத்தான் எந்திரிச்சேன்."

அக்காவுக்குக் கேட்டிருக்கக் கூடாதே என்று திரும்பிப் பார்த்தேன். அவள் சிரிப்பு நின்றிருந்தது.