ஒன்பதாவது துண்டு

கண்ணாடி உடைந்தது திருநெல்வேலியில் இல்லை. பெங்களூருக்குப் போன வழியிலோ திரும்பி வந்த வழியிலோ, ஏதோ ஒரு கிடங்கில், யாரோ ஒருவர் கையிலிருந்து நழுவியிருக்கிறது. அவர் யாரென்று தெரிந்தாலும் என்னால் கோபப்பட முடியாது. தூத்துக்குடியில் ஒரு வருடம் நானும் லாரியில் சரக்கு இறக்கியிருக்கிறேன். மேல்நோக்கி அம்புக்குறி போட்ட பெட்டிகளைத் தலைகீழாக எறிந்திருக்கிறேன். உள்ளே என்ன இருந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். உவரியில் மீன் ஏற்றினேன், உடன்குடியில் கருப்பட்டி ஏற்றினேன், மலையில் தேயிலைத் தோட்டத்தில் மருந்தடித்தேன். எந்த ஊரிலும் ஒரு வருடம் தாண்டி இருந்ததில்லை. கடைசியில் வண்ணார்பேட்டையில் ஒரு மாடி அறை பிடித்துப் பழைய சாமான் வாங்கி விற்க ஆரம்பித்தேன். தெருத்தெருவாகச் சைக்கிளில் போவேன். பித்தளை விளக்கு, சுவர்க் கடிகாரம், பீங்கான் ஜாடி என்று கிடைப்பதைப் போனில் படம் எடுத்துப் போடுவேன். கண்ணுக்குத் தெரியாத ஊர்களிலிருந்து ஆட்கள் வாங்குவார்கள்.

அந்தக் கண்ணாடியை விற்கக் கொடுத்த அக்காவின் வீடு டவுனில் ஒரு முடுக்குக்குள் இருந்தது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்து. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்து ஓய்வு பெற்றவள். தனியாக இருந்தாள். என் சைக்கிள் மணியைக் கேட்டு வாசலுக்கு வந்தாள்.

"ஏப்பா, கண்ணாடி எடுப்பியா?"

"பாத்துட்டுச் சொல்லுதேன்க்கா."

இடுப்பளவு உயரம் இருந்தது. தேக்குச் சட்டம், நீள்வட்டம், இப்போது கிடைக்காத கனத்த கண்ணாடி. கீழ் ஓரத்தில் மட்டும் ரசம் கொஞ்சம் உரிந்திருந்தது. இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஏழு ஸ்டிக்கர் பொட்டுகள். அரக்கு நிறம். மிளகளவு கூட இல்லை. நான் பழக்கத்தில் நகத்தை அதன்மேல் வைத்துவிட்டேன்.

"அதத் தொடாத" என்றாள் அக்கா. "எம்மவ வச்சது. குளிக்கப் போகும்போது எடுத்து ஒட்டுவா. காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போனவ, வீட்டுக்கு வரல."

நான் கையை எடுத்துக்கொண்டேன்.

"கண்ணாடிய வித்துரு. பொட்டச் சுரண்டக் கூடாது. அப்படியே வாங்குதவங்களுக்குத்தான் குடுக்கணும்."

"எதுக்குக்கா விக்கிய?"

"அடுப்படிக்குப் போகும்போதெல்லாம் அதுக்குள்ள யாரோ தள்ளி நிக்க மாதிரி இருக்கு. நாந்தான்னு தெரியும். ஆனாலும் திரும்பிப் பாக்கேன். ஒடச்சுப் போட மனசு வரல. எங்கயாவது ஒரு வீட்டுல முழுசா நிக்கட்டும். அது போதும்."

பெங்களூரில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஒரு அம்மாள் வாங்கச் சம்மதித்தாள். பொட்டு விஷயத்தைச் சொன்னேன். இருக்கட்டும், நான் தொட மாட்டேன் என்றாள். நான் இரண்டு பக்கமும் பலகை வைத்து, நடுவில் தேங்காய் நாரும் பழைய போர்வையும் திணித்து, சாக்கில் தைத்தேன். உடையும் பொருள் என்று மூன்று இடத்தில் எழுதினேன். கூரியர் கடையில் காப்பீட்டுக்கும் சேர்த்துக் கட்டினேன். அதுவரை என் பக்கம் தப்பில்லை.

ஒன்பதாம் நாள் பார்சல் திரும்பி வந்தது. உள்ளே சத்தம் கேட்டதால் அந்த அம்மாள் வாங்க மறுத்துவிட்டாள். கூரியர் கடைக்காரர் சாக்கை ஒருமுறை ஆட்டிக் காட்டினார்.

"சலசலன்னு கேக்குல்லா. இங்கனயே பிரிச்சு போட்டோ எடுத்துக்கிடும் அண்ணாச்சி. பொறவு நான் பாக்கல, நீரு பாக்கலன்னு வரப்பிடாது."

பிரித்தோம். சட்டம் அப்படியே இருந்தது. கண்ணாடி ஒன்பது பெரிய துண்டாகக் கிடந்தது. அவரே எண்ணிப் படிவத்தில் எழுதினார். கழுத்துப் பட்டை மாதிரி வளைந்த ஒரு துண்டில் ஏழு பொட்டும் வரிசை கலையாமல் இருந்தன. என் போனில் நஷ்ட ஈட்டுக்கு மனுப் போட்டுக் கொடுத்தார். உடனே ஒரு செய்தி வந்தது. நீளமான இங்கிலீஷ். அதில் புகார் எண்ணை மட்டும் பார்த்து எழுதிக்கொண்டேன். மிச்சத்தைப் படிக்க எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கவும் இல்லை.

அது வெள்ளிக்கிழமை. சாக்கோடு மாடிப்படி ஏறும்போது வீட்டுக்கார அம்மா கீழிருந்து பார்த்துவிட்டாள்.

"என்னவே, கண்ணாடித் துண்டா? ஒடஞ்ச கண்ணாடிய வீட்டுக்குள்ள கொண்டு போறீரு? வெளக்கு வைக்கதுக்குள்ள வெளிய கொண்டு போட்டுரும். இல்லன்னா நீரும் அதுகூடயே போயிரும்."

அவளை மட்டும் குறை சொல்ல முடியாது. எனக்கும் அப்படித்தான் பழக்கம். எங்கள் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி உடைந்தால், பொழுது சாய்வதற்குள் வாசல் தாண்டிவிட வேண்டும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. சட்டத்தையும் பலகையையும் படிக்கட்டுக்கு அடியில் வைத்துவிட்டுத் துண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். குப்பைத் தொட்டியில் போட மனது வரவில்லை. குப்பை பிரிக்கும் வேலையும் பார்த்தவன் நான். கண்ணாடி கையில் என்ன செய்யும் என்று தெரியும். ஆற்றுக்குப் போனேன். குளிக்கிற துறையைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளி ஒரு பாறை. அதற்குக் கீழே கசம், ஆள் நிற்க முடியாத ஆழம். அங்கே யார் காலும் படாது என்று கணக்குப் போட்டேன். ஒவ்வொன்றாக விட்டேன். தட்டு மாதிரிச் சாய்ந்து சாய்ந்து இறங்கின. பொட்டுத் துண்டைக் கடைசியில் விட்டேன். கொஞ்ச ஆழம்வரை அந்தப் பொட்டுகள் தெரிந்தன.

மறுநாள் காலையில் அக்காவிடம் போய்ச் சொன்னேன். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். அவள் முதலில் கேட்டது இதுதான்.

"ஒடஞ்ச துண்டெல்லாம் எங்க?"

"ஆத்துல போட்டுட்டேன்க்கா."

"நீ வித்துட்டு வந்து சொல்லுதியா?"

திருட்டுப் பட்டம் எனக்குப் புதிதில்லை. ஊர் ஊராகப் போகிறவனை எல்லா ஊரிலும் அப்படித்தான் பார்ப்பார்கள். ஆனால் கூரியர் கடையில் எடுத்த படத்தைப் போனில் காட்டியபோது அவள் அதை வாங்கிப் பார்த்த விதம் வேறு. மற்றத் துண்டுகளை விட்டுவிட்டு அந்த ஒன்றை மட்டும் விரலால் பெரிதாக்கினாள்.

"எந்தத் துறையில போட்ட?"

சொன்னேன்.

"எம்மவளையும் அங்கனதான் கரைச்சோம்" என்றாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள். "அந்தத் துண்ட மட்டும் எடுத்துட்டு வந்துரு. வேற ஒண்ணும் வேண்டாம்."

அன்றைக்கே போன் கடையில் வேலை பார்க்கும் பெண்ணிடம் அந்த இங்கிலீஷ் செய்தியைக் காட்டினேன். உடைந்த பொருளையும் பெட்டியையும் ஆள் வந்து பார்க்கும்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நஷ்ட ஈடு கிடையாது என்று எழுதியிருந்தது. ஆள் செவ்வாய்க்கிழமை வருவார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கசத்தில் இறங்கினேன். உவரியில் மூச்சுப் பிடிக்கக் கற்றிருந்தேன். கீழே தண்ணீர் பச்சையாக இருந்தது. வெயில் ஏறிய பிறகுதான் துண்டுகள் தெரிந்தன. மணலுக்குள்ளிருந்து வெளிச்சம் வருவது மாதிரி ஒவ்வொன்றும் மேலே பார்த்துக்கொண்டு கிடந்தது. முதல் துண்டுக்குக் கையை நீட்டியபோது அடியிலிருந்து ஒரு கை என் கையை நோக்கி வந்தது. என் கைதான். அது தெரிந்தும் மேலே வந்துவிட்டேன்.

துறையில் குளித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏலே, என்னத்தலே தேடுத? தங்கமா?"

"கண்ணாடி அண்ணாச்சி."

"மூஞ்சி பாக்கணும்னா கரையில நின்னு பாருலே. அதுக்கு எதுக்கு முங்குத?"

துறையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டு நாளில் எட்டுத் துண்டு எடுத்தேன். ஒன்பதாவது இல்லை.

எட்டையும் அக்கா வீட்டு முற்றத்தில் பரப்பினேன். அவள் உட்கார்ந்து அவற்றை நகர்த்தி நகர்த்திப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தாள். இடது ஓரத்தில் மட்டும் சிமெண்டுத் தரை தெரிந்தது. அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். நான் திருடவில்லை என்பது அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதனால் எனக்கு ஒன்றும் லேசாகவில்லை.

செவ்வாய்க்கிழமை, பார்வையிட வேண்டியவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே படிக்கட்டுக்கு அடியில் எல்லாவற்றையும் படம் எடுத்தார். ஒரு துண்டு குறைகிறது என்றார், மணல் ஒட்டியிருக்கிறது என்றார், ரசம் உரிந்திருக்கிறது என்றார். நடந்ததை நடந்தபடி சொன்னேன். "எங்க வீட்லயும் வச்சிருக்க விடமாட்டாங்க" என்று சொல்லிவிட்டு எதையோ எழுதிக்கொண்டு போனார்.

நாலு நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். சென்னைக் குரல்.

"சார், நீங்க விற்பனைக்குப் போட்ட போட்டோவுல கண்ணாடி ஓரமா சிவப்பா புள்ளி புள்ளியா இருக்கு. ஏற்கனவே டேமேஜ் இருந்துச்சுன்னு போட்டிருக்காங்க."

"அது டேமேஜ் இல்லம்மா. பொட்டு."

"என்ன சார்?"

"நெத்தியில வைக்க ஸ்டிக்கர் பொட்டு. குளிக்கப் போகும்போது எடுத்துக் கண்ணாடியில ஒட்டுவாங்கல்லா, அது."

 

"எங்க வீட்டுக் கண்ணாடியிலயும் இருக்கும் சார்" என்றாள். "வச்சவங்க ஏதாவது எழுதிக் குடுப்பாங்களா? அவங்க கையெழுத்து இருந்தா ஈஸியா முடிச்சிடலாம்."

"வச்ச பிள்ள உயிரோட இல்லம்மா."

"சரி சார். டேமேஜ் இல்லன்னு நானே எழுதிடுறேன்" என்றாள். அவள் அப்படித்தான் எழுதியிருக்க வேண்டும். மூன்றாவது வாரம் நஷ்ட ஈடு குறையில்லாமல் வந்தது. இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் அதெல்லாம் வராது என்றார்கள். வந்தது.

எடுத்துக்கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தேன். அவள் எண்ணவில்லை. அரிசி டின் மூடியின்மேல் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அந்தத் துண்டு?"

"தேடுதேன்க்கா."

அதன் பிறகு நான் ஊரை விட்டுப் போயிருக்கலாம். பையைக்கூட ஒருமுறை கட்டினேன். போகவில்லை. தினமும் காலையில் அந்தத் துறையில் இறங்குகிறேன். கசத்தில் முங்கிப் பார்ப்பேன். பிறகு இடுப்பளவு தண்ணீருக்கு வந்து, பாதத்தைத் தூக்காமல் மணலோடு தேய்த்துத் தேய்த்து நடப்பேன். கசத்தில் விட்டது கசத்திலேயே இருக்கும் என்று நம்பியது என் தப்பு. ஆறு எதையும் போட்ட இடத்தில் வைப்பதில்லை. பக்கத்தில் யாராவது தண்ணீருக்குள் காலை எடுத்து வைத்தால் என் குதிகால் கூசும்.

ஒருநாள் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் "யம்மா" என்று கத்தினாள். குதிகாலில் ரத்தம். நான் ஓடிப்போய் அவள் காலைப் பார்க்கவில்லை, அவள் நின்ற இடத்தைத்தான் தடவினேன். கைக்குக் கிடைத்தது ஒரு பாட்டில் துண்டு. அப்போது எனக்கு வந்தது நிம்மதி இல்லை. ஏமாற்றம். ஒருத்தியின் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே, இது அந்தத் துண்டாக இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். அன்றைக்கு அவளை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு மத்தியானம்வரை படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இன்னொரு காரியமும் செய்தேன். பேன்சி கடையில் அரக்கு நிறத்தில் அதே அளவுப் பொட்டு ஒரு அட்டை வாங்கினேன். எட்டுத் துண்டும் என்னிடம்தான் இருந்தன. வீட்டுக்கார அம்மாவுக்குத் தெரியாமல் மொட்டைமாடியில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தேன். அவற்றில் ஒன்றின் ஓரத்தை உடைத்துப் பொட்டுகளை வரிசையாக ஒட்டிக் கொடுத்தால் அக்கா அமைதியாகிவிடுவாள் என்று தோன்றியது. ஒரு பொட்டை ஒட்டினேன். குனிந்து பார்த்தேன். கண்ணாடியில் என் முகம் இருந்தது, நெற்றியில் சரியாக அந்த இடத்தில் பொட்டு. பிய்த்து எறிந்தேன். அந்த அட்டை இன்னும் சட்டைப்பையில் கிடக்கிறது. அதைத் தூக்கிப் போடுவதற்கும் எனக்கு இடம் தெரியவில்லை.

ஐப்பசி மழை வந்து ஆறு கலங்கி ஓடியது. வடிந்த பிறகு பார்த்தால் துறையின் அடி மணலே வேறாக இருந்தது. தெரிந்த கல் ஒன்றுகூட இல்லை. அக்காவிடம் போய், இனிமேல் கிடைக்காது என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அடுப்படிக்குப் போகிற வழியில், கண்ணாடி மாட்டியிருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. அவள் காப்பியோடு அந்த வழியாக வந்தாள். ஆணியைத் தாண்டும்போது ஒரு நொடி நின்று திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னிடம் தம்ளரை நீட்டினாள்.

"தண்ணி வடிஞ்சுட்டா?"

"வடிஞ்சுட்டுக்கா. இடுப்பளவுதான் கெடக்கு."

"அவசரமில்ல" என்றாள். "பையப் பையத் தேடு."

சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு ஆற்றுக்குப் போனேன்.