பம்ப் ஃபெயிலானால் எனக்கு ஜெர்மனி

பிரவீன் ஒரு ஆற்றைக் கையால் திறந்துகொண்டிருந்தான்.

சத்தியமாக. இரண்டு வாரம் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் போனில் வந்து விழுந்த போட்டோ அது. பெரிய மதகுக் கதவு, பல்சக்கரம், அதைச் சுற்ற ஓர் இரும்புக் கைப்பிடி. அதைப் பிடித்துக்கொண்டு, எல்லாப் பல்லையும் காட்டிக்கொண்டு பிரவீன். காலடியில் சிவப்புப் படகு. பின்னால் மலையைக் குடைந்த சுரங்கம். அதற்குள் ரோடு இல்லை, தண்டவாளம் இல்லை... தண்ணீர்! சுரங்கத்துக்குள் துடுப்புப் போட்டுப் போக வேண்டியது. முடிவில் கரையேறி, மதகை நாமே சுற்றித் திறக்க வேண்டியது. தண்ணீர் மட்டம் இறங்கியதும் போய்க்கொண்டே இருக்க வேண்டியது.

ஜெர்மனி. லான் நதி. வைல்புர்க் என்று ஒரு சின்ன ஊர்.

அந்த நேரத்தில் நான் எங்கே? கத்தாரில், ராஸ் லஃபான் சைட்டில், ஒரு போர்ட்டா கேபினுக்குள். இங்கே வெள்ளி, சனி லீவு, ஞாயிறு டியூட்டி. ஜெர்மனிக்காரன் படகு ஓட்டுகிற நாளில் நாங்கள் ஹெல்மெட் மாட்டுகிறோம். கேபின் கதவுக் கைப்பிடியை டிஷ்யூ பேப்பர் சுற்றாமல் தொட முடியாத வெயில்.

வயிறு எரிந்ததா என்று கேட்கிறீர்களா? இங்கே கேஸ் எரிகிற ஃப்ளேர் கோபுரம் ஒன்றைப் பிடுங்கி என் வயிற்றுக்குள் நட்ட மாதிரி இருந்தது. அது என் படகுங்க!

நான் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் இன்ஜினியர். பம்ப்தான் என் வேலை. இங்கே வருகிற பெரிய பம்ப்புகள் பல, ஐரோப்பாவில் ஏதோ ஒரு கிராமத்தை ஒட்டிய ஃபேக்டரியில் பிறக்கின்றன. கப்பல் ஏற்றும் முன் அங்கேயே ஓட்டிக் காட்டுவார்கள். எங்கள் ஆள் ஒருவர் போய், பக்கத்தில் நின்று பார்த்து, ஓகே என்று கையெழுத்துப் போட வேண்டும். டிக்கெட், ஹோட்டல் எல்லாம் கம்பெனி செலவு. இன்க்ரிமென்ட்டுக்குக்கூட நாங்கள் இப்படி அடித்துக்கொள்ள மாட்டோம். ‘டெஸ்ட்டுக்கு யார் போறா?’ என்ற ஒரே கேள்வியில் நாசமாய்ப் போன நட்புகள் எத்தனை!

இந்தப் பம்ப் என்னுடையது. டிராயிங் செக் பண்ணியது நான். ஃபேக்டரிக்காரனோடு மெயிலில் மல்லுக்கு நின்றது நான். ஃபேக்டரி லான் நதிக்கரையில் என்று தெரிந்த நாளிலிருந்து, மேப்பில் அந்தப் பள்ளத்தாக்கிலேயே குடியிருந்ததும் நான். ஆற்றை ஒட்டிப் போகிற சைக்கிள் பாதை எங்கே ஏறும், எங்கே இறங்கும், எந்த ஸ்டேஷனில் சைக்கிளோடு ரயில் ஏறலாம்... கேளுங்கள், சொல்கிறேன். லிம்புர்க்கில் பாறை உச்சியில் ஏழு கோபுரத்தோடு நிற்கிற சர்ச்சை எந்தப் பாலத்தில் நின்று போட்டோ எடுத்தால் ஆற்றில் நிழலும் சேர்ந்து விழும்? அதுவும் தெரியும்.

அப்புறம் ருங்கல். பழைய கல் பாலம், அதற்கு மேலே பாறையோடு பாறையாக ஒரு கோட்டை. அதற்கு நேர் எதிர்க்கரையில் இன்னொரு கோட்டை. ஒரு சின்ன ஊருக்கு எதற்கு எதிரெதிராக ரெண்டு?

பங்காளித் தகராறு!

ஒரே குடும்பம். சொத்துச் சண்டை. வெளியே போன கோஷ்டி சும்மா இருந்ததா? ஆற்றுக்கு அந்தப் பக்கம், சரியாகக் கண்ணுக்கு நேரே, தனக்கென்று ஒரு கோட்டையைக் கட்டிவிட்டது. காலையில் ஜன்னலைத் திறந்தால் அவன் முகத்தில்தான் இவன் முழிக்க வேண்டும். வயிற்றெரிச்சலில் கட்டிய கட்டடம் இத்தனை நூற்றாண்டு நிற்கிறது. வயிற்றெரிச்சலை லேசாக நினைக்காதீர்கள்.

இவ்வளவு படித்து என்ன? விசா அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை. ஸ்லாட் எல்லாம் டெஸ்ட் தேதிக்குப் பிறகுதான் இருந்தது. பிரவீனோ, போன வருஷம் வால்வ் டெஸ்ட்டுக்கு இத்தாலி போன புண்ணியத்தில், பாஸ்போர்ட்டில் ஜெர்மனிக்கும் செல்லுபடியாகிற ஒரு விசாவை உயிரோடு வைத்திருந்தான்.

எங்கள் லீட் ஹாஜா பாய், கீழக்கரைக்காரர். என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“தம்பி, இந்தத் தடவ பிரவீன் போய்ட்டு வரட்டும். ஒனக்கு அடுத்த பம்ப்.”

“பாய், அடுத்த பம்ப் கோயம்புத்தூர்ல செய்றாங்க.”

“கோயம்புத்தூரும் நல்ல ஊர்தானே தம்பி?”

பிரவீனும் நானும் மதுரை. சொந்தம் ஒன்றும் இல்லை. ஊர்ப் பழக்கத்தில் ஒருத்தனை ஒருத்தன் பங்காளி என்போம். அவன் ஆசைப்பட்டுப் போனாலாவது என் மனசு ஆறும். கிளம்பும்போது அவன் கேட்டது இதுதான்: “ஏன் பங்காளி, அங்கிட்டு சோறு கிடைக்குமா?” கோட்டையைப் பற்றிச் சொன்னேன். “பாழடைஞ்ச பில்டிங்ல போயி என்னத்தடா பாக்கிறது?” என்றான்.

அப்படிப்பட்டவன், அந்த ஞாயிற்றுக்கிழமை, ஆற்றுக்கு நடுவிலிருந்து போன் பண்ணினான்.

“பங்காளி! தண்ணி சும்மா ஐஸ் மாதிரி இருக்குடா! ரெண்டு கரையிலயும் காடு. ஒரு சத்தம் இல்ல. நீ சொன்னப்பகூட நம்பலடா.”

“லைஃப் ஜாக்கெட் போட்ருக்கியா?”

“போட்ருக்கேன். ஏன், முங்கிருவேன்னு பயமா?”

“இல்ல, ஆசை.”

சாயங்காலத்துக்குள் ரெண்டு கோட்டையும் வந்துவிட்டன, ஏழு கோபுரமும் வந்துவிட்டது. பாதி போட்டோவில் அவன் கட்டைவிரல். அதையும் ஆபீஸ் குரூப்பில் போட்டான். எனக்குத் தாங்கவில்லை. எல்லோரும் பார்க்க, குரூப்பிலேயே எழுதினேன்: ‘நாளைக்கு பம்ப் ஃபெயில் ஆகட்டும். மறு டெஸ்ட்டுக்குள்ள எனக்கு விசா வந்துரும். யல்லா!’

சிரிப்புப் பொம்மைகள் குவிந்தன. ஹாஜா பாயும் ஒன்று போட்டார்.

மறுநாள் டெஸ்ட். மதியம் பிரவீன் கூப்பிட்டான்.

“பங்காளி, ஃபுல் ஃப்ளோவுல பம்ப் அம்சமா ஓடுது. ஃப்ளோவக் கொறச்சா மட்டும் லேசா ஒதறுது. லிமிட்ட ஒரு நூல் தாண்டுது. இவங்க அதெல்லாம் நார்மல்ங்கிறாங்க. கையெழுத்துப் போட்ரவா?”

“போடாத.”

அந்தப் பக்கம் சிரிப்பு. “தெரியும்டா. நீ அதத்தான சொல்லுவ!”

ஸ்பெசிஃபிகேஷனைத் திறந்தேன். சாதாரணமாக, குறைந்த ஓட்டத்தில் கொஞ்சம் உதறலை விட்டுவிடுவார்கள்தான். ஆனால் இந்த ஒரு பம்ப்புக்கு மட்டும் கிளையன்ட் தனியாக ஒரு வரி போட்டிருந்தான்: குறைந்த ஓட்டத்திலும் அதே லிமிட். காரணம் இருக்கிறது. இங்கே அது பாதி நேரம் அப்படித்தான் ஓடப்போகிறது. உதறல், கசிவைத் தடுக்கிற சீலைத் தின்னும். சீல் போனால் வெளியே வருவது தண்ணீர் இல்லை, பற்றிக்கொள்கிற சரக்கு. பக்கத்தில் டியூட்டி பார்க்கிற ஆபரேட்டர் ஒருத்தன் நிற்பான்.

திரும்பத் திரும்பப் படித்தேன். சந்தேகம் ஸ்பெசிஃபிகேஷன் மேல் இல்லை, என் மேல். இந்த வரி நிஜமாகவே இப்படித்தான் சொல்கிறதா... இல்லை, படகு ஆசையில் நான் அப்படிப் படிக்கிறேனா?

அப்படித்தான் சொன்னது. லைனில் இருந்த பிரவீனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு ஹாஜா பாயிடம் ஓடினேன்.

“பாய், இது ஃபெயில்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். ஏற்கெனவே ப்ராஜெக்ட் லேட். கிளையன்ட் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். மறு டெஸ்ட் என்றால் இன்னும் மாசக்கணக்கில் தள்ளும். அந்தக் கழுத்து ஹாஜா பாயுடையது.

“தம்பி, நேத்து குரூப்ல என்ன எழுதுன?”

“அது சும்மா தமாசு பாய்...”

“நீ இப்பக் கொண்டாந்தது ரிப்போர்ட்டா, டூர் பிளானா?”

பக்கத்து டேபிள்கள் சிரித்தன. ஸ்பீக்கரில் பிரவீனும்: “பாய், அவனுக்குப் படகு ஓட்டணுமாம்!”

பிரிண்ட் எடுத்த பக்கம் என் கையிலேயே இருக்கிறது. யாரும் அதைப் பார்க்கவில்லை. எல்லோரும் என் மூஞ்சியைப் பார்த்தார்கள். அந்த மூஞ்சியில் ஜெர்மனி என்று எழுதி ஒட்டியிருந்தது, ஒட்டியது நான்தானே? உண்மை சொல்கிறவனுக்கு அந்த உண்மையால் ஒரு லாபம் இருந்தால் போதும்... கேட்கிறவனுக்கு அது வெறும் லாபமாகத்தான் தெரிகிறது.

“டைம் இல்ல பாய், இங்க பேனாவ நீட்டிட்டு நிக்கிறாங்க” என்றான் பிரவீன்.

என் வாய் எனக்கு முன்னால் பேசிவிட்டது.

“பாய், மறு டெஸ்ட்டுக்கு நான் போகல. பிரவீனே போகட்டும். இப்பவே மெயில்ல எழுதித் தர்றேன்.”

சிரிப்பு நின்றது.

“பங்காளி... நெசமாவா சொல்ற?”

“ஆமாடா. எனக்கு ஜெர்மனி வேணாம். நீ கையெழுத்துப் போடாத.”

ஹாஜா பாய் கண்ணாடியை மறுபடி மாட்டினார். “அந்தப் பக்கத்தக் காட்டு.”

படித்தார். விரலை அந்த வரியின் மேல் வைத்து இன்னொரு முறை படித்தார். போனைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

“பிரவீன், மாஃபி சைன். கையெழுத்து கெடையாது, கலாஸ். பம்ப்பக் கழட்டிப் பாக்கச் சொல்லு.”

அதே பக்கம்தான். அதே வரிதான். ஒரு நிமிஷம் முன்னால் அது டூர் பிளான், இப்போது ரிப்போர்ட். நடுவில் மாறியது என்ன? நான் ஒரு படகைத் தொலைத்திருந்தேன். அவ்வளவுதான்.

போன வாரம் ஃபேக்டரியிலிருந்து மெயில் வந்தது. கழற்றிப் பார்த்தார்களாம். உள்ளே சுழல்கிற இம்பெல்லரில் பேலன்ஸ் சரியில்லையாம். வருந்துகிறார்களாம். மறு டெஸ்ட் அக்டோபரில். ஹாஜா பாய் எனக்கு ஒரு கரக் டீ வாங்கிக் கொடுத்து, “நல்ல காரியம் பண்ணுன தம்பி” என்றார். எனக்கு டீ. பிரவீனுக்கு அக்டோபர். அக்டோபரில் அந்த ஆற்றங்கரைக் காடு முழுக்க மஞ்சளும் சிவப்புமாக மாறும் என்பது உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். அதுதானே பிரச்சினை!

இதில் உச்சம்: மறுநாளே எனக்கு விசா ஸ்லாட் கிடைத்தது. கேன்சல் பட்டனை என் விரலாலேயே அழுத்தினேன்.

நல்லது செய்தால் மனசு லேசாகும் என்று சொல்கிறார்களே, யார் சொன்னது? எனக்கு இன்னும் எரிகிறது. ஆபரேட்டர் பத்திரமாக இருப்பான், சந்தோஷம். அது வேறு டிபார்ட்மென்ட்.

நேற்று பிரவீனிடமிருந்து மெசேஜ். ‘பங்காளி, படகு ஓட்டியாச்சு, ரெண்டு கோட்டையும் பாத்தாச்சு, சர்ச்சும் முடிஞ்சுது. மறுபடி அங்க போயி என்னடா பண்றது? பாக்காத எடம் எதாச்சும் மிச்சம் இருக்கா? நீதான மேப்ப மனப்பாடம் பண்ணவன்.’

இருக்கிறது. ஒன்றே ஒன்று. மற்ற எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுகிற இடம்.

‘தெரியலடா’ என்று பதில் போட்டேன்.

அது எந்த இடம் என்று இங்கேயும் எழுதுவதாக இல்லை... அந்தப் பயல் இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறான்.