புலிக்கூண்டின் கதவு

வேலுச்சாமி அண்ணன் நெஞ்சுவலியில் காலமாகிவிட்டார் என்ற செய்தி, ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில் நாங்கள் உட்கார்ந்திருந்தபோது வந்தது. டிரைவர் பஸ்ஸை ஓரங்கட்டினார். பின்னால் வந்த நாற்பது லாரியும் ஹாரன் அடிக்காமல் நின்றன. நம்பாதவர்கள் மணிமங்கலம் வந்து என்னைக் கேட்கலாம்.

நான் எட்டாவது வரை படித்தவன். அதனால் என்ன? அண்ணனைப் பற்றி எழுத இந்த வட்டாரத்தில் என்னை விட்டால் ஆள் இல்லை. அவர் தென்காசிப் பக்கத்துக்காரர். இரும்புத் தகட்டை அழுத்தும் பிரஸ் மிஷினில் வேலை. தினமும் பஸ்ஸில் கதை சொல்வார். கம்பெனி கேட் வந்ததும், கதையில் ராஜா வாயைத் திறந்திருந்தாலும் அப்படியே நிறுத்திவிடுவார். மீதி மறுநாள்தான். டிராபிக் ஜாம் ஆகவேண்டும் என்று சாமி கும்பிட்டவர்கள் உலகத்திலேயே நாங்கள் மட்டும்தான்.

போன வருஷம் எங்கள் லைனில் வேலை செய்யும் லட்சுமிக்கு மிஷினில் இரண்டு விரல் போயிற்று. கை உள்ளே போனால் மிஷினை நிறுத்துகிற சென்சார் அன்று வேலை செய்யவில்லை. ஆனால் 'அவள் கவனக்குறைவுதான்' என்று நாங்கள் எல்லோரும் கையெழுத்துப் போடவேண்டும் என்றார் சூப்பர்வைசர். போட்டால் அவள் வேலை போகும். போடாவிட்டால் எங்கள் வேலை. யாரும் வாய் திறக்கவில்லை. நான் திறந்திருப்பேன், அன்றைக்குப் பார்த்துத் தொண்டை கட்டியிருந்தது.

மறுநாள் சூப்பர்வைசர் பைக் பஞ்சர் என்று எங்கள் பஸ்ஸில் ஏறினார். அண்ணன் கதையைத் தொடங்கினார்.

"ஒரு ராஜா புலி வளத்தாரு. தீனி போட கூண்டைத் தொறந்து மூட நேரமாகுதுன்னு கதவையே கழட்டச் சொல்லிட்டாரு. தீனி போட்ட பொம்பள கையைப் புலி கடிச்சிட்டு. 'அவதான் புலியைக் கிள்ளுனா'ன்னு சாட்சி சொல்லச் சொல்லி ராஜா ஊரையே கூப்பிட்டாரு."

"ஜனம் இன்னா சொல்லிச்சு அண்ணாத்தே?" என்றேன் நான்.

சூப்பர்வைசர் துள்ளி எழுந்தார். "யோவ், கதவை எங்கய்யா கழட்டினோம்? டார்கெட் முடியற வரைக்கும் சென்சாரை ஆஃப் பண்ணித்தான வெச்சோம்!"



"நான் புலிக்கதைலா சார் சொல்லுதேன். நீங்க எதுக்கு எந்திரிக்கீய?" என்றார் அண்ணன். பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது. அதற்குள் கேட் வந்துவிட்டது.

"மீதி?" என்று கேட்டேன்.

"சனம் என்ன சொல்லுச்சுன்னு உள்ள போய் நீங்கதான் சொல்லணும்" என்று இறங்கிப் போனார்.

உள்ளே ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. முதலில் பேனாவை மூடியவன் நான். இதில் மறுபேச்சே கிடையாது.

பிறகு ஒருநாள், "நேராவே கேட்டிருக்கலாமே அண்ணாத்தே?" என்றேன். "நேரா கேட்டா இல்லன்னுருப்பாரு தம்பி. கதைன்னதும் தப்பைத் திருத்த வந்துட்டாரு" என்று சிரித்தார்.

ஸ்ரீபெரும்புதூரில் அவர் தங்கியிருந்த அறை வாசலிலிருந்து நேற்று அவரை ஊருக்கு அனுப்பிவைத்தோம். லட்சுமி ஷிப்ட் முடிந்து யூனிபாரத்தோடு வந்தாள். மூன்று விரல் கையால் மாலையைச் சரிசெய்து, அவர் காதருகே குனிந்து சொன்னாள்:

"சென்சார் லைட் எரியுதான்னு பார்த்துட்டுத்தாண்ணா யாரையும் மிஷின்ல கை வைக்க வுடறேன். நிம்மதியா போங்க."